‘தோட்டா மூக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?’ - கிருமாம்பாக்கம் மிலிட்டரிக்காரருக்கு பிரான்ஸிலிருந்து வந்த வீடியோ கால்!

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், பாகூர் கொம்யூனுக்குள் இருக்கிறது கிருமாம்பாக்கம். மெடிக்கல் காலேஜ், பஸ் ஸ்டாப், பரோட்டா கடை, அதைத் தாண்டினால் வயல். இந்தப் பக்கத்து ஊர்களில் இரண்டு வகை மிலிட்டரி பென்ஷன்காரர்களைப் பார்க்கலாம். ஒருவருக்கு இந்திய அரசு பென்ஷன். இன்னொருவருக்கு பிரெஞ்சு அரசு பென்ஷன். சில வீடுகளில் இரண்டுமே உண்டு. அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்திருப்பார், தம்பி மகன் இந்திய ராணுவத்தில் இருந்திருப்பார். பொங்கலுக்கு இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கரும்பு கடித்திருப்பார்கள்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை ஆனது. நடுவில் இருந்த அந்த எட்டு ஆண்டுகளில் ஊர் இந்தியாவின் கையில் இருந்தது. ஆனால், ஊர்க்காரர்கள் சிலர் பிரெஞ்சு ராணுவச் சீருடையில் அல்ஜீரியாவில் இருந்தார்கள். அவர்களை இங்கே ‘சொல்தா’ என்பார்கள். சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்தான். ‘சொல்தா வீடு’ என்று கேட்டால் இன்றைக்கும் வழி சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

இது அப்படி ஒரு சொல்தாவின் தம்பி மகனைப் பற்றியது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘மிலிட்டரிக்காரர்’, அவ்வளவுதான்.

துப்பாக்கிக்கு வைத்தியர்

மிலிட்டரிக்காரர் 1974-ல் ராணுவத்தில் சேர்ந்தார். போனது இ.எம்.இ. பிரிவுக்கு. ராணுவத்தின் வண்டி, பீரங்கி, ரேடியோ என எல்லாவற்றையும் பழுது பார்க்கும் பிரிவு அது. அதில் அவருக்குக் கிடைத்த டிரேடு ஆர்மரர். துப்பாக்கி ரிப்பேர் பார்ப்பவர். செகந்திராபாத்தில் பயிற்சி முடிந்து, 1998-ல் ஓய்வு பெறும்வரை 24 வருஷம் இதே வேலை.

அவர் கையில் அதிகம் புரண்டது எஸ்.எல்.ஆர். ‘செல்ஃப் லோடிங் ரைஃபிள்’ என்பதன் சுருக்கம். 1962-ல் சீனாவோடு நடந்த போரில் நம் ஜவான்கள் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் .303 ரைஃபிளோடு பனிமலையில் நின்றார்கள். அதன் பிறகு மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் தயாராகி வந்த 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆரில் அந்தத் தொல்லை இல்லை. டிரிகரை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு போகும். காலி கேஸ் தானே வெளியே தெறிக்கும். அடுத்த தோட்டா தானே உள்ளே ஏறும். 1990-களில் இன்சாஸ் வரும்வரை ராணுவத்தின் தோளில் தொங்கியது அதுதான். அதன்பின் அது போலீஸுக்கும் துணை ராணுவத்துக்கும் போனது.

‘தானே ஏறும்’ என்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. கையால் இழுக்கும் துப்பாக்கியில் தடங்கல் வந்தால் கைக்கே தெரிந்துவிடும். தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில், டிரிகரை அழுத்தி ‘டிக்’ என்று மட்டும் சத்தம் வரும்போதுதான் தெரியும். ராணுவ வகுப்பில் இந்தத் தடங்கலை இந்தியில் ‘ரோக்’ என்பார்கள். ரோக் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழக்குவார்கள். ஜவானுடைய வேலை ரோக்கைச் சரிசெய்து மறுபடி சுடுவது. ஆர்மரரின் வேலை, அது ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பது.

“டாக்டர் வேலை மாதிரிதாம்பா. என்ன ஒண்ணு, நோயாளி வாயைத் தொறந்து பேச மாட்டான். நாமதான் கேள்வி கேக்கணும்” என்பார்.

‘சித்தப்பா... துப்பாக்கி சிக்குது’

பெரியப்பா மகன், அதாவது மிலிட்டரிக்காரரின் அண்ணன், 1970-களிலேயே பிரான்ஸுக்குப் போய்விட்டார். அவருடைய மகன் பிறந்து வளர்ந்தது எல்லாம் பாரிஸ் பக்கத்தில். நாற்பதை நெருங்குகிறவர். தமிழ் பேசுவார், நடுநடுவே பிரெஞ்சு எட்டிப்பார்க்கும். கடந்த தை மாதம், இங்கே இரவு ஏழரை, அங்கே மதியம் மூன்று மணி இருக்கும்போது வாட்ஸ்அப் வீடியோ காலில் வந்தார்.

“சித்தப்பா, தாத்தா துப்பாக்கி மாதிரியே ஒண்ணு வாங்கியிருக்கேன்.”

தாத்தா என்றால் மிலிட்டரிக்காரரின் பெரியப்பா. 1959-ல் அல்ஜீரியாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இரண்டு நாட்டிலும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. மெலிந்த இளைஞர், தொப்பி, கையில் ரைஃபிள். அது மாஸ் 49. பிரான்ஸின் செந்த் எத்தியேன் நகரத் தொழிற்சாலையில் பிறந்தது. 7.5 மி.மீ. தோட்டா, மேகசினுக்கு 10 ரவுண்டு. அதைக் கொஞ்சம் குட்டையாக்கி, எடை குறைத்து வந்ததுதான் மாஸ் 49/56. பிரெஞ்சு ராணுவம் பிறகு ஃபாமாஸ் ரைஃபிளுக்கு மாறியதும் இவை ஓய்வு பெற்றன. அங்கே முறையான உரிமம் எடுத்து, கிளப்பில் சேர்ந்து சுடுகிறவர்களிடம் இப்படிப்பட்ட பழைய ராணுவத் துப்பாக்கிகள் இருக்கின்றன. நம் ஊரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் இந்த ராணுவ ரைஃபிள்கள் இந்திய ஆயுதச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட வகை. மிலிட்டரிக்காரரே ஓய்வுபெற்ற பிறகு ஒரு துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை.

“வாங்குனது சரி. இப்ப என்ன?”

“சிக்குது சித்தப்பா. மூணு குண்டு போகுது, நாலாவது ஏற மாட்டேங்குது. சில சமயம் ரெண்டாவதே ஏறல. வித்தவர், ‘பழசுன்னா அப்படித்தான்’ங்கிறார்.”

“பழசுன்னா அப்படித்தான்னு எவனாச்சும் சொன்னா, அவனுக்குக் காரணம் தெரியலன்னு அர்த்தம். ஒவ்வொண்ணா சொல்லு.”

கேள்விகள் ஆரம்பித்தன. எத்தனை மேகசின்? இரண்டு. எந்தத் தோட்டா? ராணுவக் காலத்துப் பழைய பெட்டி ஒன்று, இப்போது கடையில் விற்கும் புதிய பெட்டி ஒன்று. எண்ணெய் போட்டாயா? போட்டேன். வேறு ஏதாவது விநோதம்?

“ஆங்... ஒரு தடவை போல்ட்டை விட்டதும் தானா வெடிச்சுது. டிரிகர்ல விரலே வைக்கல. பரவாயில்ல, துப்பாக்கி மண்மேட்டைப் பார்த்துத்தான் இருந்துச்சு.”

மிலிட்டரிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குரல் மாறியது. “அதை ஏண்டா கடைசியா சொல்ற? சிக்குறது தொந்தரவு. இது உயிர் போற விஷயம்.”

பொட்டு வெடியும் ஊசியும்

அன்றைக்கு அவர் முதலில் பேசியது சிக்கலைப் பற்றி அல்ல, இந்தத் தானாக வெடித்த விஷயத்தைப் பற்றித்தான்.

தோட்டாவின் அடியில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும். பிரைமர். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஃபயரிங் பின் என்ற ஊசி ஓங்கிக் குத்தினால் தீப்பொறி வந்து, உள்ளே இருக்கும் மருந்து எரிந்து, குண்டு பறக்கும். எஸ்.எல்.ஆரில் அந்த ஊசியைப் பின்னால் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் உண்டு. மாஸ் ரைஃபிளில் அந்த ஸ்பிரிங் கிடையாது. ஊசியும் கனமானது. போல்ட் வேகமாக முன்னால் போய் ‘டபக்’ என்று நிற்கும்போது, உள்ளே சும்மா கிடக்கும் ஊசி மட்டும் கொஞ்சம் முன்னால் ஓடி பிரைமரைத் தட்டும். பஸ் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்வதைப் போல.

ராணுவத்துக்கென்று செய்த தோட்டாவில் பிரைமர் கெட்டியாக இருக்கும், இந்தத் தட்டலைத் தாங்கிவிடும். கடையில் விற்கும் சில தோட்டாக்களில் பிரைமர் மென்மை. தாங்காமல் வெடிக்கலாம். பழைய துப்பாக்கியை வருஷக்கணக்கில் வைத்திருக்கப் பூசும் கெட்டி கிரீஸ் போல்ட்டுக்குள் உறைந்து, ஊசி முன்பக்கமே ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான்.

“இன்னா பண்ணு... அடுத்த தடவை கிளப்புக்குப் போறப்ப, அங்க இருக்குற பெரியவர் ஒருத்தரை வெச்சுக்கிட்டு, அவர் சொல்றபடி, ஏத்தி எடுத்த சுடாத புதுத் தோட்டாவோட அடியை போட்டோ எடுத்து அனுப்பு.”

“அப்படி ஒண்ணு ஏற்கெனவே இருக்கு சித்தப்பா. அன்னைக்கு சுடாமலே வெளிய எடுத்தேன்.” கேமராவுக்குப் பக்கத்தில் அது வந்தது. பித்தளை வட்டத்தின் நடுவில் சின்னதாக ஒரு குழி. டிரிகரைத் தொடாமலே ஊசி வந்து முத்தம் கொடுத்துவிட்டுப் போன அடையாளம்.

“பாத்தியா? இந்தத் துப்பாக்கிக்கு உரிமம் உள்ள மெக்கானிக் ஒருத்தர் போல்ட்டைப் பிரிச்சுப் பாத்து, ஊசி சரியா இருக்குன்னு சொல்றவரைக்கும் ஒரு குண்டு சுடக் கூடாது. அந்தப் புதுப் பெட்டியைத் தொடவே தொடாத. எந்தத் தோட்டா பொருந்தும்னு அவரையே கேளு. உங்கப்பன் மேல சத்தியம் பண்ணு.”

சத்தியம் வாங்கிய பிறகுதான் அடுத்த பேச்சு.

ஸ்டேப்ளர் தெரியும்ல?

இரண்டு வாரம் கழித்து மறுபடி கால். மெக்கானிக் போல்ட்டைப் பிரித்திருந்தார். உள்ளே பழைய கிரீஸ் உறைந்து மெழுகு மாதிரி இருந்ததாம். சுத்தம் செய்து, ஊசியைச் சோதித்து, துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டாவும் சொல்லிக் கொடுத்துவிட்டார். தானாக வெடிப்பது நின்றது. சிக்குவது மட்டும் நிற்கவில்லை.

“ஸ்டேப்ளர் தெரியும்ல உனக்கு?” என்று ஆரம்பித்தார் மிலிட்டரிக்காரர்.

மேகசின் என்பது ஒரு தகரப் பெட்டி. அடியில் ஸ்பிரிங். அதன்மேல் ஒரு தட்டு. அதன்மேல் தோட்டாக்கள். ஸ்பிரிங் மேலே தள்ளும், பெட்டியின் வாய்ப்பக்கம் உள்நோக்கி மடிந்த இரண்டு உதடுகள் தோட்டாவை வெளியே குதிக்காமல் பிடித்து வைக்கும். போல்ட் முன்னால் போகும்போது மேலே இருக்கும் தோட்டாவை அந்த உதடுகளிலிருந்து உருவிச் சேம்பருக்குள் தள்ளும். ஸ்டேப்ளரில் ஸ்பிரிங் தளர்ந்தால் பின் எப்படிக் கோணலாகச் சிக்குமோ, அப்படித்தான் இங்கேயும்.

சிக்கல் வந்தால் ஐந்து பேரைச் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் கணக்கு. மேகசின், தோட்டா, சேம்பர், வாயு, ஸ்பிரிங். யார் குற்றவாளி என்பதைத் தோட்டா நின்ற நிலையே பாதி சொல்லிவிடும்.

தோட்டாவின் மூக்கு கீழே குத்தி, மேகசினின் முன்சுவரில் முட்டி நிற்கிறதா? பெரும்பாலும் மேகசின்தான். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது உதடு வளைந்திருக்கும், அல்லது பெட்டி எங்கோ விழுந்து நசுங்கி, தோட்டா வேகமாக மேலே வர முடியாமல் உரசும்.

போல்ட் தோட்டாவைத் தொடாமல் அதன் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய்விட்டதா? மேகசின் முழுதாக ஏறி உட்காரவில்லை. மாஸ் ரைஃபிளில் இதற்கென்று ஒரு தனி இடம் உண்டு. மேகசினைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி துப்பாக்கியில் இல்லை, மேகசினின் பக்கத்திலேயே இருக்கிறது. அது தேய்ந்தால் பெட்டி ஒரு நூல் கீழே இறங்கி நிற்கும். அந்த ஒரு நூல் போதும்.

பாதி உள்ளே போய் இறுகி நிற்கிறதா? தோட்டா நசுங்கியிருக்கலாம், சேம்பரில் அழுக்கோ துருவோ இருக்கலாம்.

காலி கேஸ் வெளியே போகாமல் போல்ட்டில் கடிபட்டு நிற்கிறதா? வாயு போதவில்லை, அல்லது கேஸை இழுக்கும் நகம் தேய்ந்திருக்கிறது. எஸ்.எல்.ஆரில் வாயுவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வளையம் உண்டு. உபரி வாயுவை வெளியே விடும் துளையைக் கொஞ்சம் மூடினால், பிஸ்டனைத் தள்ள அதிக வாயு கிடைக்கும். மாஸில் பிஸ்டனே இல்லை. வாயு ஒரு குழாய் வழியாக வந்து போல்ட்டைச் சுமக்கும் பாகத்தை நேராகவே தள்ளும். அங்கே குழாயும் வாயும் சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். மற்றபடி, போல்ட்டின் பின்பக்கம் கீழே சாய்ந்து பூட்டிக்கொள்ளும் முறை இரண்டுக்கும் ஒன்றேதான். அதனால்தான் கையில் தொட்டறியாத துப்பாக்கிக்கு அவரால் வைத்தியம் சொல்ல முடிந்தது.

“சொல்லு. தோட்டா மூக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“அது... பாக்கல சித்தப்பா. சிக்குனதும் இழுத்து எடுத்துட்டேன்.”

“எல்லாரும் அதான் பண்ணுவாங்க. அவசரத்துல இழுத்து எடுத்துட்டா சாட்சி போயிடும். இனிமே சிக்குனா, மூஞ்சி மண்மேட்டுப் பக்கம் வெச்சு, விரலை எடுத்து, அப்படியே பாரு. அப்புறம் எடு.”

நமுத்துப்போன வெடி

அதற்குள் இன்னொரு சந்தேகம் வந்தது. பழைய ராணுவப் பெட்டியில் சில தோட்டாக்கள் ‘டிக்’ என்று சத்தம் மட்டும் போட்டு வெடிக்கவே இல்லையாம்.

“தீபாவளிக்குத் திரி பத்தவெச்ச வெடி வெடிக்கலன்னா கிட்டப் போவியா?”

“போக மாட்டேன்.”

“அதேதான். நமுத்துப்போன வெடியைக் குனிஞ்சு பாத்துக் கண்ணைத் தொலைச்சவன் ஊருக்கு ஒருத்தன் இருக்கான். தோட்டாவும் அப்படித்தான். டிக்னு சத்தம் வந்தா உடனே போல்ட்டைத் தொறக்காத. உள்ள மருந்து மெதுவா பிடிச்சுக்கிட்டு இருக்கலாம். பூட்டித் தொறக்குற நேரத்துல வெடிச்சா கை போயிடும். துப்பாக்கியை மேட்டுப் பக்கமே பிடிச்சுக்கிட்டு, உங்க கிளப்புல எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு விதி இருக்கோ அவ்வளவு நேரம் காத்திரு.”

அதைவிட ஆபத்தானது இன்னொன்று. சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக ‘புஸ்’ என்று வந்தால், குண்டு குழாயின் நடுவிலேயே நின்றிருக்கலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாயே வீங்கிப் பிளக்கும். புஸ்வாணச் சத்தம் கேட்டால் அன்றைக்குச் சுடுவது முடிந்தது, குழாயைச் சோதிக்காமல் அடுத்த தோட்டா கிடையாது.

தோட்டாவுக்கும் வயசு உண்டு. சூடும் ஈரமும் அதற்கு எதிரி. கிருமாம்பாக்கத்தில் கடல் காற்றுக்கு சைக்கிள் செயின் எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் நீலகிரியில் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி நூறு வருஷத்துக்கு மேலாகத் தோட்டாவுக்கான மருந்து தயாரிக்கிறது. அந்த மருந்தையும் ஈரமில்லாமல், சூடு படாமல் காப்பதுதான் பாதி வேலை.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்த பிறகு மிஞ்சுவது ஒரு வகை உப்பு. உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் தண்ணீர் கோத்துக்கொள்ளுமே, அதுபோல இதுவும் காற்றின் ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளிலேயே குழாய்க்குள் துருவை உண்டாக்கிவிடும்.

“நீ எண்ணெய் போட்டேன்னு சொன்னியே, உப்பு எண்ணெய்ல கரையுமா? தண்ணியிலதான் கரையும். முதல்ல சுடுதண்ணி. நல்லா காய வெச்சுத் துடை. அப்புறம் எண்ணெய்.”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். “தாத்தாவும் எல்லாத்தையும் சுடுதண்ணியில கழுவுவாராமே? அப்பா சொல்லியிருக்கார்.”

மிலிட்டரிக்காரர் சிரிக்கவில்லை.

பெரியப்பா சுமந்தது

பெரியப்பா 1960-களின் பிற்பகுதியில் பென்ஷனோடு ஊர் திரும்பினார். ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்துக்கு, மெடல் குத்திக்கொண்டு போய் வருவார். மற்ற நாளெல்லாம் எதையாவது கழுவிக்கொண்டே இருப்பார். சைக்கிள் செயின், மண்வெட்டி, மோட்டார் பம்பின் நட்டு போல்ட் வரை. சுடுதண்ணீர், துணி, எண்ணெய். வீட்டில் கேலி செய்வார்கள். அவர் நிறுத்த மாட்டார்.

1988-ல் மிலிட்டரிக்காரர் லீவில் வந்திருந்தார். அப்போது அவர் ஆர்மரராகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாயங்காலம் மோட்டார் கொட்டகையில் இரண்டு பேர் மட்டும். பெரியப்பா திடீரென்று கேட்டார். “ஏண்டா, துடைக்கலன்னா துப்பாக்கி சிக்குமில்ல?”

“சிக்கும் பெரியப்பா. ஏன் கேக்கறீங்க?”

அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னார். 1959, அல்ஜீரியாவில் ஒரு மலைச்சரிவு. புழுதிக் காற்று. அவரும் காரைக்கால் பையன் ஒருவனும் ஒரு பாறைக்குப் பின்னால். எதிரில் ஆள் எழுந்தபோது பெரியப்பா சுட்டார். ஒரு குண்டு போனது. அடுத்தது ஏறவில்லை. அதை இழுத்துத் தட்டி எடுத்து மறுபடி ஏற்றுவதற்குள் பக்கத்தில் இருந்தவன் சாய்ந்துவிட்டான். முந்தின நாள் இரவு களைப்பில் துப்பாக்கியைச் சரியாகத் துடைக்கவில்லை என்பது பெரியப்பாவின் கணக்கு. இருபத்தொன்பது வருஷமாக அதே கணக்கு.

இன்னொன்றும் அவரை அரித்தது. அந்த நாட்டுக்காரன் கேட்டது அவன் நாட்டின் விடுதலையை. பெரியப்பாவின் ஊரோ 1954-லேயே பிரான்ஸிடமிருந்து விலகிவிட்டது. அப்புறம் தான் யாருக்காக அந்தப் பாறைக்குப் பின்னால் கிடந்தோம் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அதற்குப் பதில் சொல்லும் படிப்பு மிலிட்டரிக்காரருக்கும் இல்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான்.

“பெரியப்பா, நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. அந்தத் தோட்டா எப்படி நின்னுச்சு? மூக்கு எந்தப் பக்கம்?”

பெரியவர் யோசிக்கவே இல்லை. இருபத்தொன்பது வருஷமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த காட்சி. இடது கையைக் குவித்து, வலது கை விரலை அதற்குள் கீழ்நோக்கிக் குத்திக் காட்டினார். “இப்படி. மூக்கு கீழ, முன்னாடி முட்டிக்கிச்சு.”

“அப்ப அது மேகசின் பெரியப்பா. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்ல தகரம் நசுங்கியிருக்கும். அந்த மேகசினை உங்களுக்குக் குடுத்தாங்க, நீங்களா செஞ்சீங்க? ராத்திரி முழுக்க உக்காந்து துப்பாக்கியைத் துடைச்சிருந்தாலும் அது அப்படித்தான் நின்னிருக்கும்.”

“நெஜமாவா சொல்ற?”

“இதுதான் பெரியப்பா என் வேலை. சும்மா சொல்ல மாட்டேன்.”

துப்பாக்கி இல்லை, மேகசின் இல்லை, சாட்சி இல்லை. ஒரு கிழவரின் விரல் காட்டிய கோணம் மட்டும்தான் இருந்தது. நூற்றுக்கு நூறு என்று எந்த ஆர்மரரும் எழுதித் தர மாட்டார். புழுதி மேகசினுக்குள்ளேயும் போயிருக்கலாம். ஆனால் ஒரு தோட்டா மூக்கைக் கீழே குத்தி நின்றால் முதலில் கையில் எடுக்க வேண்டியது மேகசினைத்தான் என்பது எந்த ஒர்க்‌ஷாப்பிலும் மாறாத பாடம். அவர் தெரிந்ததைத்தான் சொன்னார்.

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. மோட்டாரை நிறுத்தினார். வரப்பு வழியாக நடந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம், “இன்னைக்கு ரெண்டு பேருக்கும் மீன் குழம்பு வைடி” என்றார். அதன் பிறகும் அவர் சைக்கிள் செயினைக் கழுவினார். ஆனால் மாசத்துக்கு ஒரு தடவை, ஊரில் மற்றவர்கள் கழுவுகிற மாதிரி. 2001-ல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

இரண்டாம் நம்பர்

இந்தக் கதையை வீடியோ காலில் கேட்டு முடித்தபோது பிரான்ஸில் இருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சுவரில் தொங்கும் படத்தைப் பற்றி அவர் வீட்டில் இவ்வளவு யாரும் சொன்னதில்லை.

“அந்தக் காரைக்கால்காரர் பேர் என்ன சித்தப்பா?”

“பெரியப்பா சொல்லல கண்ணு. ‘அந்தப் பையன்’னுதான் சொல்வார். நானும் கேக்கல.”

அப்புறம் மிலிட்டரிக்காரர் வேலைக்குத் திரும்பினார். ஒரு தாளில் கட்டம் போடச் சொன்னார். இரண்டு மேகசினுக்கும் 1, 2 என்று நம்பர். தோட்டாவுக்கும் பெட்டி வாரியாக எழுத்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சிக்கல் மேகசினோடு சேர்ந்து நகர்ந்தால் மேகசின். தோட்டாப் பெட்டியோடு நகர்ந்தால் தோட்டா. எதை மாற்றினாலும் மாறாமல் நின்றால் துப்பாக்கி. “ரெண்டையும் ஒரே சமயத்துல மாத்துனா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது. உங்கம்மா சாம்பார் சரியில்லன்னா உப்பு, புளி ரெண்டையும் ஒண்ணா அள்ளிப் போடுவாங்களா?”

மூன்றாவது வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாள். முதல் நம்பர் மேகசின் பக்கம் எல்லாம் டிக். இரண்டாம் நம்பர் பக்கம், எந்தத் தோட்டாவைப் போட்டாலும் வரிசையாகப் பெருக்கல் குறி. ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் பிரெஞ்சில் ஒரே குறிப்பு: ‘மூக்கு கீழே.’

மேகசினைப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த இன்னொரு படமும் இருந்தது. முன்பக்கத் தகரத்தில், கட்டைவிரல் அளவுக்கு லேசான ஒரு பள்ளம். என்றைக்கோ எவர் கையிலிருந்தோ கல்லில் விழுந்தது.

இளையவர் கேட்டார். “இதைத் தட்டி நிமித்திடலாமா, இல்ல தூக்கிப் போட்டுடலாமா சித்தப்பா?”

மிலிட்டரிக்காரர் பதிலை எழுத்தில் அனுப்பாமல் குரலில் பேசி அனுப்பினார். “அதை மெக்கானிக் பாத்துச் சொல்லட்டும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை செய். இன்னைக்கே செவப்பு பெயின்ட் எடுத்து அது மேல பெருசா குறி போடு. கெட்டுப்போன மேகசினைக் குறி போடாம மத்ததோட கலந்து வைக்கிறவன்தான் பெரிய பாவி. அது சிக்கும்னு உனக்குத் தெரியும். உனக்கு அடுத்து எடுக்குறவனுக்குத் தெரியாது இல்ல?”